கடைசி சனி, ஞாயிறு: நாடக மேடையில் துடித்த விளக்குகளைச் சரிசெய்த பதிவு

ஞாயிறு இரவு பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் நாடகத்தின் கடைசி ஆட்டம் முடிந்தது. ஆரம்பம் முதல் முடிவு வரை எட்டு பார் லைட்டில் (நிறம் மாற்றக்கூடிய எல்.இ.டி. மேடை விளக்கு) ஒன்றுகூடத் துடிக்கவில்லை. முந்தின நாள் தருமபுரி கல்யாண மண்டபத்தில் இதே விளக்குகளில் நான்கு இரண்டாம் பாதி தொடங்கியதும் நடுங்க ஆரம்பித்தன. இடைப்பட்ட நேரத்தில் எதையெல்லாம் சந்தேகப்பட்டோம், கடைசியில் எது காரணமாக இருந்தது, என்ன செலவானது என்பதைச் சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். எங்களைப் போன்ற சிறிய குழுவில் லைட் பார்க்கிறவர்களுக்கு இது கட்டாயம் பயன்படும்.

நாடகம் எங்கள் ஊர்க் கதைதான். தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி அடுக்கி வைத்த வேல்கள். ஔவையார் பார்த்துவிட்டு, அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புறநானூறு 95ஆம் பாட்டில் உள்ள செய்தி இது. மேடையில் இடப்பக்கம் கொட்டில், வலப்பக்கம் பட்டறை. ஔவை பேசப் பேச, இடப்பக்கத்து வெள்ளை வெளிச்சம் மெல்லக் குறைந்து, வலப்பக்கம் உலைச் சிவப்பு ஏற வேண்டும். நாற்பது நொடி எடுக்கும் மாற்றம். நாடகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அந்த நாற்பது நொடியில் விளக்கு துடித்தால் வசனம் யார் காதிலும் ஏறாது.

வேல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிச்சத்துக்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தண்டு எல்லாம் மூங்கில், ஆறடி. முனை, தடித்த போம் ஷீட்டில் வெட்டியது. கொட்டில் வேல்களுக்குச் சில்வர் பெயின்ட் இரண்டு கோட், அதன்மேல் வார்னிஷ். நெய் பூசின மினுமினுப்பு அந்த வார்னிஷில்தான் வந்தது. ஆனால் வெளிச்சத்துக்கு நேராக நிறுத்தினால் முன்வரிசைக்காரர் கண்ணில் பளீரென்று அடிக்கும். சாத்தி வைக்கும் சட்டத்தைப் பின்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்த பிறகு பளபளப்பு மேல்நோக்கிப் போய்விட்டது. பட்டறை வேல்களுக்கு வார்னிஷ் கிடையாது. பெவிகாலில் அடுப்புக்கரித் தூளைக் குழைத்துப் பூசி, முனையைப் பிளேடால் பிய்த்துவிட்டோம். ஹாலஜன் வெளிச்சத்தில் அது நிஜ இரும்பாகவே தெரிந்தது.

இனி விளக்கு. எங்களிடம் இருப்பவை 54 எல்.இ.டி. போட்ட பார் லைட் எட்டு. கிளாம்ப் மீட்டரில் அளந்தால் எல்லா நிறமும் முழுதாக எரியும்போது ஒன்று அரை ஆம்பியர் இழுக்கும். அப்புறம் 500 வாட் ஹாலஜன் இரண்டு, அவற்றுக்குத் தனியாக 2000 வாட் கைத்திருகு டிம்மர். பார் லைட்டுகளை ஓட்டுவது 192 சேனல் டி.எம்.எக்ஸ். போர்டு, அதாவது எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்று கேபிள் வழியாகச் சிக்னல் அனுப்பும் பலகை. இந்த வகைப் போர்டில் ஒரு விளக்குக்குப் பதினாறு சேனல் என்று கணக்கு. அதனால் விளக்குகளின் முகவரி (ஒவ்வொன்றின் முதல் சேனல் எண்) 1, 17, 33, 49, 65, 81, 97, 113 என்று போகும். போர்டிலிருந்து 20 மீட்டர் கேபிள் இடப்பக்க ஸ்டாண்டுக்கு. அங்கே நான்கு விளக்கு, சிக்னல் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடராகப் போகும். நான்காவதிலிருந்து மேடையின் பின்திரைக்குப் பின்னால் 12 மீட்டர் கேபிள் வலப்பக்க ஸ்டாண்டுக்கு. அங்கே மீதி நான்கு.

உலை வெளிச்சத்துக்கு ஏன் ஹாலஜன் என்று கேட்பார்கள். விலை குறைந்த எல்.இ.டி. பார் லைட்டை மெல்ல அணைத்தால் கடைசிப் பத்து சதவீதத்தில் படிப்படியாக இறங்கித் திடீரென்று செத்துவிடும். ஹாலஜன் அப்படியில்லை. கரண்டைக் குறைக்கக் குறைக்கச் சிவந்துகொண்டே போய், இழை கனலாக மின்னி அடங்கும். கொல்லனாக நடிக்கும் தம்பி துருத்தியை அமுக்கும்போதெல்லாம் நான் திருகை 40லிருந்து 60க்கு ஏற்றி இறக்குவேன். அவன் தோளைப் பார்த்துக்கொண்டே கையைத் திருப்ப வேண்டும். எந்தப் போர்டிலும் பதிந்து வைக்க முடியாத வேலை இது, எனக்கு இந்த நாடகத்தில் மிகப் பிடித்த வேலையும் இதுதான். ஆரஞ்சு ஜெலட்டின் பேப்பரை ஹாலஜன் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கம்பிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறோம். அதற்கும் கிட்டே வைத்தால் சுருங்கி ஓட்டை விழும்.

சனிக்கிழமை இடைவேளை வரை எல்லாம் சரியாகப் போனது. கொட்டில் காட்சி தொடங்கியதும் வலப்பக்கத்து நான்கும் துடிக்க ஆரம்பித்தன. வெள்ளை வெளிச்சத்தில் திடீர் திடீரென்று இளஞ்சிவப்பு வெட்டும். ஸ்டாண்டு பக்கம் நின்ற தம்பி போனில் கூப்பிட்டு, “அண்ணா, அஞ்சாவதுலேர்ந்து எல்லாம் துடிக்குது, நாலாவது வரைக்கும் நல்லாருக்கு” என்றான். அந்த ஒரு வாக்கியம்தான் பிறகு எல்லாவற்றுக்கும் வழிகாட்டியது. ஆட்டத்தின் நடுவில் ஆராய முடியாது. வலப்பக்கத்து நான்கையும் மெயின் சுவிட்சிலேயே அணைக்கச் சொல்லிவிட்டு, இடப்பக்கமும் ஹாலஜனும் வைத்து மீதியை ஓட்டினேன். ஔவையாக நடித்த அக்கா ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. வெளிச்சம் இருந்த இடத்துக்கு இரண்டடி நகர்ந்து வந்து பேசினார். பார்த்தவர்களுக்கு அது ஒத்திகை பார்த்த நகர்வாகவே தெரிந்திருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் மேடையிலேயே பார்க்கலாம் என்றால், மறுநாள் காலை முகூர்த்தம். பதினோரு மணிக்குள் மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். கிடைத்த அரை மணி நேரத்தில் கரண்டை மட்டும் பார்த்தோம். வலப்பக்கப் பிளக் வேறு பேஸ் என்பதால் சந்தேகம் அதன்மேல் விழுந்தது. அளந்தால் இடப்பக்கம் 231 வோல்ட், வலப்பக்கம் 228. இடப்பக்கத்திலிருந்தே எக்ஸ்டென்ஷன் இழுத்து வலப்பக்க விளக்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். துடிப்பு அப்படியே இருந்தது. சரி, கரண்ட் இல்லை.

மூட்டை கட்டிக்கொண்டு ஒத்திகை இடத்துக்குப் போனோம். முன்பு பட்டுப்புழு வளர்ப்பு மனையாக இருந்த கொட்டகை அது. நீளம் தாராளம், அதனால் மேடையில் இருந்தபடியே எட்டு விளக்கையும் வரிசையாகத் தரையில் பரப்ப முடிந்தது. துடிப்பும் கூடவே வந்திருந்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். மேடையில் மட்டும் வந்து வீட்டில் வராத கோளாறைப் பிடிப்பது பெரும்பாடு.

அடுத்த சந்தேகம் ஐந்தாவது விளக்கு. அது கெட்டால் அதன் வழியாகப் போகும் சிக்னலும் கெடும் என்பது நியாயமான யோசனைதான். கேபிளை ஐந்தாவதில் செருகாமல் நேரே ஆறாவதில் செருகினோம். ஆறு, ஏழு, எட்டு மூன்றும் துடித்தன. ஐந்தாவதைத் தூக்கிவந்து போர்டுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் கேபிளில் தனியாக மாட்டினோம். அசையாமல் எரிந்தது. முகவரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம், எல்லாம் சரியாகவே இருந்தன. போர்டையும் குறை சொல்ல முடியவில்லை, முதல் நான்கும்தான் அதே போர்டில் எரிகின்றனவே.

மிச்சம் இருந்தது 12 மீட்டர் கேபிள். இங்கே செய்த சோதனையை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். புதுக் கேபிள் தேட வேண்டாம், இருக்கிற இரண்டையும் இடம் மாற்றினால் போதும். 20 மீட்டரை நடுவிலும் 12 மீட்டரைப் போர்டுப் பக்கமும் போட்டோம். எட்டு விளக்கும் சேர்ந்து துடித்தன. கோளாறு கேபிளோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. அதற்குமேல் விவாதமே இல்லை.

கேபிளின் மேல் எழுத்தைத் தடவிப் பார்த்தால் அது மைக் கேபிள். மைக் கேபிள், டி.எம்.எக்ஸ். கேபிள் இரண்டுக்கும் நுனியில் ஒரே மூன்று பின் கேனன் கனெக்டர்தான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சவுண்ட் பெட்டியிலிருந்து எப்போதோ லைட் பெட்டிக்கு வந்திருக்கிறது. குறைந்த தூரத்துக்கு மைக் கேபிள் பெரும்பாலும் வேலை செய்துவிடும். அதனால்தான் இத்தனை ஆட்டம் யாருக்கும் தெரியாமல் ஓடியது. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. மல்ட்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு அறாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து இரண்டு முனையிலும் ஒரே எண் பின்களைத் தொட்டால் மூன்றும் பீப் அடித்தன. கேனன் கழுத்தைப் பிடித்து மெல்ல வளைத்தபடி தொட்டபோது மூன்றாம் பின்னில் பீப் விட்டு விட்டு வந்தது. சும்மா தொட்டுப் பார்த்துவிட்டு “கேபிள் நல்லாருக்கு” என்று சொல்லிவிடக் கூடாது, ஆட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கேனனைக் கழற்றி டேபிள் லைட்டுக்குக் கீழே வைத்தோம். உள்ளே இருக்கும் பிடிப்பு, கேபிளின் மேல்தோலைப் பிடித்திருக்க வேண்டும். தோல் முக்கால் சென்டிமீட்டர் வெளியே போயிருந்தது, பிடிப்பு மெல்லிய உள்வயர்களை நசுக்கிக்கொண்டிருந்தது. பின்திரைக்குப் பின்னால் தரையில் கிடந்த கேபிள். காட்சிக்குக் காட்சி நடிகர்கள் இருட்டில் ஓடும்போது காலில் சிக்கி இழுபட்டிருக்கிறது. மூன்றாம் பின்னில் ஈயம் பளபளப்பில்லாமல் சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று இருந்தது. வயர் அதற்குள் உட்கார்ந்திருந்ததே தவிரப் பிடிக்கவில்லை. வலைப்பின்னல் வயரிலிருந்து முடி அளவு ஒரே ஒரு இழை பிரிந்து வந்து மூன்றாம் பின்னை உரசிக்கொண்டிருந்தது. கேபிள் அசைந்தால் இணைப்பு விடும், இல்லையென்றால் அந்த இழை தொடும். எட்டாயிரம் ரூபாய் விளக்கை ஆட்டிவைத்தது அந்த இழைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறக்காது. சி.சி.டி.வி. மாட்டும் நண்பரிடம் போன் செய்தோம், அவரிடம் கேட்-6 கேபிள் மிச்சம் 15 மீட்டர் இருந்தது. டி.எம்.எக்ஸுக்கு நெட்வொர்க் கேபிள் நன்றாகவே ஒத்துப்போகும், ஜோடி ஜோடியாக முறுக்கின வயர் என்பதால். இணைப்பு இப்படி: ஆரஞ்சு வயர் இரண்டாம் பின்னுக்கு, அதன் ஜோடியான வெள்ளை-ஆரஞ்சு மூன்றாம் பின்னுக்கு. பழுப்பும் வெள்ளை-பழுப்பும் சேர்த்து ஒன்றாம் பின்னுக்கு. இரண்டையும் மூன்றையும் ஒரே ஜோடியிலிருந்துதான் எடுக்க வேண்டும். வேறு வேறு ஜோடியிலிருந்து எடுத்தால் முறுக்கின பயனே போய்விடும். கேனனின் உலோக உடம்பை எந்தப் பின்னோடும் சேர்க்கவில்லை.

சால்டரிங் 25 வாட் இரும்பில். முதலில் கேனனின் பின்மூடியையும் பிறகு ஸ்லீவ்களையும் கேபிளில் கோத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். பின்னின் குழிவில் கொஞ்சம் ஈயம் உருக்கி நிரப்பி, வயர் நுனியிலும் ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு சூடு. ஆறுகிற வரை கையை அசைக்கக் கூடாது. ஆறிய ஈயம் கண்ணாடி மாதிரி மின்னினால் நல்ல இணைப்பு. கேட்-6 மெல்லியது, கேனன் பிடிப்பில் லூசாக நின்றது. பிடிப்பு வரும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பைத் தடிமன் வரும்வரை சுற்றி, அதன்மேல் பிடிப்பை இறுக்கினோம். அப்புறம் வளைத்து, இழுத்து, முறுக்கிப் பார்த்தோம். பீப் விடாமல் வந்தது.

புதுக் கேபிளைப் போட்டதும் துடிப்பு நின்றது. ஆனால் எட்டையும் சேர்த்து நாற்பது நொடியில் மெல்ல இறக்கினால் எட்டாவது விளக்கு மட்டும் எப்போதாவது ஒரு வெட்டு வெட்டியது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று இயக்குநர் அண்ணன் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. வரிசையின் கடைசியில் டெர்மினேட்டர் இல்லாததுதான் பாக்கிக் காரணம். கோட்டின் முடிவில் சிக்னலை வாங்கி அடக்க ஒன்றும் இல்லையென்றால் அது திரும்பி வந்து பின்னால் வருவதோடு மோதும். வேண்டியது 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, கால் வாட் போதும். ஒரு ரூபாய்ப் பொருள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை. தெருவில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சியின் டப்பாவில் 120 இல்லை. 100 ஓம் ஒன்று (பழுப்பு, கறுப்பு, பழுப்பு), 22 ஓம் ஒன்று (சிவப்பு, சிவப்பு, கறுப்பு) எடுத்துத் தொடராகச் சேர்த்தோம். 122. தாராளமாகப் போதும். ஒரு ஆண் கேனனில் இரண்டாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவில் அதைப் பற்றவைத்து, மீட்டரில் 121 காட்டியதும் மூடிச் சிவப்பு டேப் சுற்றினோம். எட்டாவது விளக்கின் ‘அவுட்’டில் செருகிய பிறகு அந்த வெட்டு வரவே இல்லை. மதியம் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகும் நான் அந்த நாற்பது நொடி மாற்றத்தை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு கிராமத்துக்குப் போனோம். திரௌபதி அம்மன் கோயில் திடல், திறந்த வெளி, ஜெனரேட்டர். விளக்கு எதையும் மாட்டும் முன் ஜெனரேட்டரை அளந்தோம். லோடு இல்லாதபோது 246 வோல்ட், ஹாலஜன் இரண்டையும் போட்டால் 219. ஆபரேட்டரிடம் சொல்லிச் சரிசெய்ததில் லோடோடு 228 நின்றது. நியூட்ரல் திருகை நாங்களே இன்னொருமுறை இறுக்கினோம். மூன்று பேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் லூசானால் ஒரு பேஸில் வோல்ட்டேஜ் எகிறி எல்லாவற்றையும் எரித்துவிடும். அதில் மட்டும் யாரையும் நம்பி விடக் கூடாது. எர்த் கம்பி அடித்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். ஹாலஜன் டிம்மர் சவுண்டில் ‘ங்ஙெ’ என்று இரைச்சல் போடும் என்பதால் அதை வேறு பேஸில் கொடுத்து, அதன் வயரை மைக் வயரோடு சேர்ந்து ஓடவிடாமல் குறுக்காகத் தாண்டவிட்டோம்.

எட்டு மணிக்கே பனி இறங்க ஆரம்பித்தது. தரையில் இருந்த கேனன் இணைப்புகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, மேலே பாலிதீன் கவர். கவரின் கீழ்ப்பக்கத்தைக் கட்டவில்லை, கட்டினால் உள்ளேயே வியர்த்து நனையும். பின்திரைக் கேபிளை இந்த முறை தரையில் விடாமல், பந்தல் குச்சிகளில் எட்டடி உயரத்தில் கயிறு போட்டுக் கட்டினோம்.

வருஷா வருஷம் பதினெட்டு நாள் பாரதம் நடக்கிற திடல். கூத்துப் பார்த்துப் பழகிய கண்கள். லைட் போர்டு பக்கத்தில் பழைய கூத்துக் கலைஞர் ஒருவர் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். உலைக் காட்சி வந்ததும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்த பிறகு, “நாங்க தீவட்டியில குங்கிலியத்தை வீசுவோம் தம்பி, குப்புனு எரியும். நீ திருகுல பண்றே” என்றார். எவ்வளவு வீசுவீர்கள், எந்த அடியில் வீசுவீர்கள் என்று கேட்டேன். தாளம் தீர்மானத்தில் (தாளத்தை முடித்துவைக்கும் அடி) விழும் இடத்தில் ஒரு சிட்டிகை, அதற்குமேல் வீசினால் புகை வேஷக்காரன் கண்ணை எரிக்கும் என்றார். அடுத்த நாடகத்தில் திருகை வசனத்துக்கு அல்லாமல் தாளத்துக்குத் திருப்பிப் பார்க்கப் போகிறேன்.

செலவு: கேனன் ஆண் இரண்டு, பெண் ஒன்று பழைய கையிருப்பு, புதிதாக வாங்கினால் 300 ரூபாய்க்குள். ஸ்லீவ், ஈயம், டேப் 70. ரெசிஸ்டருக்கு அண்ணாச்சி காசு வாங்கவில்லை. கேட்-6 இனாம், கடையில் மீட்டர் 25 சொல்கிறார்கள். ஜெனரேட்டர் டீசலோடு 5,500. டாடா ஏஸ் போக வர 2,200. ஆக, துடிப்பை நிறுத்த உண்மையில் தேவைப்பட்டது எழுநூறு, எண்ணூறு ரூபாய்ப் பொருள்தான். சனி இரவு எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததோ புதுப் போர்டு வாங்குவது பற்றி.

கேட்-6 நிரந்தரத் தீர்வு இல்லை. அதன் உள்ளே ஒற்றைக் கம்பி, ஆட்டத்துக்கு ஆட்டம் சுருட்டி விரித்தால் உள்ளேயே முறியும். ஓரிடத்தில் கட்டிவைக்கிற வேலைக்குத்தான் லாயக்கு. அடுத்த தயாரிப்புக்கு முன் பல இழை போட்ட அசல் டி.எம்.எக்ஸ். கேபிள் 40 மீட்டர் வாங்க வேண்டும். விசாரித்ததில் மீட்டர் 90 ரூபாய். லைட் கேபிள் எல்லாவற்றுக்கும் இரண்டு முனையிலும் மஞ்சள் டேப், சவுண்டுக்கு நீலம். இதைத் திங்கட்கிழமையே செய்துவிட்டோம். டெர்மினேட்டர் இன்னும் இரண்டு செய்து, ஒன்றைப் போர்டுப் பெட்டியிலும் ஒன்றைக் கேபிள் பெட்டியிலும் போட்டாயிற்று. மூன்று எல்.இ.டி.யும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் வைத்து ஒரு கேபிள் டெஸ்டர் செய்துகொண்டிருக்கிறேன். ஏற்றும் முன் ஒவ்வொரு கேபிளையும் அதில் மாட்டி, கழுத்தை ஆட்டிப் பார்த்த பிறகே வண்டியில் போடுவது என்று பேசியிருக்கிறோம். டெஸ்டர் முடிந்ததும் அதன் இணைப்பு விவரத்தைத் தனியாக எழுதுகிறேன். கொட்டில் வேல்களைப் பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்று ஆண்டு விழாவுக்குக் கேட்டிருக்கிறது. பீலிகளைக் கழற்றி வேறு பையில் வைத்து அனுப்ப வேண்டும், வண்டியில் கசங்கிவிடும்.